பழ அழுகலும் புளித்த மோரும்

நமது வட்டாரத்துச் சங்கங்களின் கணக்கேடுகளைப் பார்வையிடுங்கால் ஒரு சிறு இனம் அடிக்கடி நம் கண்ணில் படுகிறது. 'அழுகல் கழிவு' என்று அதற்குப் பெயர். கோயம்பேட்டு மண்டிக்கு அனுப்பிய மாம்பழக் கூடைகளில் இத்தனை கழிவு, கொய்யாவில் இத்தனை கழிவு, அதற்காக இத்தனை ரூபாய் பிடித்தம் என்று மண்டிச் சீட்டைப் பார்த்து எழுதிவிடுகிறார்கள். காகிதச் செலவில் பத்து ரூபாய் கூடினால் பொதுக்குழுவில் எழுந்து நின்று கேள்வி கேட்கும் அங்கத்தினர், இந்த இனத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. பழம் என்றால் அழுகத்தானே செய்யும் என்பது அவர்கள் எண்ணம். லூதியானாவிலுள்ள மத்திய அறுவடைப்பின் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் 2015-ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அறுவடையிலும் அதன் பின்னரும் நம் நாட்டில் வீணாவது மாம்பழத்தில் 9.16 சதவீதம், கொய்யாவில் 15.88 சதவீதம். கொய்யா பயிரிடுவோர் ஆறு கூடை பறித்தால் ஏறத்தாழ ஒரு கூடை மண்ணுக்குப் போகிறது என்று இதற்குப் பொருள். இந்த நட்டம் முழுவதும் பூசணத்தால் ஏற்படுவதன்று. அடிபடுவதும் நசுங்குவதும் வாடுவதும் இதில் அடக்கம். ஆயினும் அடிபட்ட பழத்தை முடிப்பது பெரும்பாலும் பூசணமே.

அண்மையில் திருக்கழுக்குன்றம் பகுதியில் இரண்டொரு சங்கங்களின் நிர்வாகக் குழுவினர் ஒரு தீர்மானத்தின் நகலைக் காட்டி நம் அபிப்பிராயத்தைக் கேட்டனர். புளித்த உணவிலிருந்து பிரித்தெடுத்த நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் அடங்கியதாகச் சொல்லப்படும் ஒரு திரவத்தைச் சங்க நிதியிலிருந்து மொத்தமாகக் கொள்முதல் செய்து, அங்கத்தினர்க்குக் கடன் பேரில் வழங்குவது என்பது தீர்மானம். பறித்த பழத்தை அத்திரவத்தில் நனைத்தெடுத்தால் பூசணம் அண்டாதாம். விற்பனைக்கு வந்தவர் திறமையாகப் பேசியிருக்கிறார். கூட்டத்தில் இருந்த முதியவர் ஒருவர், "ஏம்பா, எங்க ஆத்தா மோரத் தெளிச்சா, நீ அதையே புட்டியில ஊத்தி விக்கிற, அவ்வளவுதானே?" என்று கேட்டாராம். அவருக்கு எதிரே அமர்ந்திருந்த இளைஞரோ, மோரும் வேண்டாம் புட்டியும் வேண்டாம், இரண்டும் மூடநம்பிக்கை என்று வாதாடினாராம். இருவர் கூற்றிலும் பாதி உண்மை உண்டு என்பது நம் கருத்து. சங்கத்தின் பணம் சம்பந்தப்பட்டிருப்பதால் அதைச் சற்று விரித்துக் கூற விழைகிறோம்.

புளித்த பண்டத்திலுள்ள கிருமிகள் பூசணத்தை எதிர்க்கும் என்பது கற்பனையன்று. நம் வீட்டு இட்லி மாவையே எடுத்துக்கொள்வோம். அரிசியும் உளுந்தும் அரைத்த ஈரமாவைப் போலப் பூசணத்திற்கு ஏற்ற உணவு வேறில்லை. இருந்தும் இரவு முழுவதும் வெளியில் இருந்த மாவில் காலையில் புளிப்பும் பொங்குதலும் காண்கிறோமேயன்றிப் பூசணத்தைக் காண்பதில்லை. மாவைப் பொங்கச் செய்வது லியூகோனாஸ்டாக் என்னும் நுண்ணுயிர் என்பதை அமெரிக்காவில் ஆய்ந்து 1965-இல் வெளியிட்டனர். இதுவும் தயிரிலுள்ளவையும் லாக்டிக் அமிலப் பாக்டீரியா என்னும் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவை. இவை சர்க்கரையைத் தின்று அமிலத்தை வெளியிடுகின்றன. அமிலம் பூசணத்தின் உயிரணுவுக்குள் புகுந்து அதன் வளர்ச்சியைத் தடுக்கிறது. அத்துடன், இருக்கும் உணவையும் இடத்தையும் இவை முந்திப் பிடித்துக்கொள்வதால் பின்னால் வரும் பூசண வித்துக்கு ஒதுங்க இடமில்லாமற் போகிறது. காஞ்சி வரதர் சந்நிதிக்கு இட்லி செய்வோர் மாவைப் புளிக்கவைக்கும் பக்குவத்தைப் பரம்பரையாகப் பேணி வந்தது இக்கிருமிகளின் பெயர் தெரிந்தன்று. இருப்பினும் அவர்கள் செய்தது கிருமி வளர்ப்பே.

அமிலம் மட்டும் இல்லை. இத்தாலியில் புளித்த ரொட்டி மாவிலிருந்து எடுத்த பிளாண்டாரம் என்னும் லாக்டிக் பாக்டீரியாவை ஆய்ந்தவர்கள், அது ஃபீனைல் லாக்டிக் அமிலம் என்ற ஒரு பொருளையும் உண்டாக்குகிறது என்றும் அதற்குப் பூசணத்தைத் தடுக்கும் ஆற்றல் உண்டு என்றும் 2000-ஆம் ஆண்டில் தெரிவித்தனர். ஊறுகாய், புளித்த காய்கறி முதலியவற்றிலும் பிளாண்டாரம் உண்டு. (அதன் குலப்பெயரை 2020-இல் நீட்டி மாற்றிவிட்டார்கள்; உச்சரிப்பதற்குள் மோர் புளித்துவிடும் என்பதால் பழைய பெயரின் பின்பாதியோடு நிறுத்திக்கொள்கிறோம்.)

இக்கூட்டத்தைச் சேராத மற்றொரு நுண்ணுயிரும் உண்டு. சிக்கிமிலும் நேபாளத்திலும் சோயா மொச்சையை வேகவைத்து இலையில் பொதிந்து புளிக்கவைத்துக் கினிமா என்ற பண்டம் செய்கிறார்கள். ஜப்பானியர் செய்யும் நாட்டோவும் அத்தகையதே. இரண்டையும் புளிக்கவைப்பது பாசில்லஸ் சப்டிலிஸ். இந்த இனத்தின் சில வகைகள் இடூரின் என்ற பொருளைச் சுரந்து பூசணத்தின் சவ்வையே துளைத்துவிடுகின்றன. ஆப்பிரிக்காவில் காங்கோ நாட்டின் இடூரிப் பகுதி மண்ணிலிருந்து எடுத்த பாசில்லஸில் முதலில் கண்டதால் அதற்கு அப்பெயர். பழ விஷயத்தில் கூடுதலாக ஆராயப்பட்டது இந்தப் பாசில்லஸ்தான். பீச் முதலிய பழங்களின் பழுப்பு அழுகலை இது தடுக்கிறது என்று அமெரிக்க விவசாய இலாகாவைச் சேர்ந்த பியூசி, வில்சன் என்ற இரு விஞ்ஞானிகள் 1984-இல் எழுதினர். தென்னாப்பிரிக்காவில் அவகாடோ பழத்திற்கென்று இதைக்கொண்டு ஒரு சரக்கே தயாரித்து விற்பனைக்குக் கொண்டுவந்தனர். பிரேசில் நாட்டில் பெத்தியோல் என்பவர் பசும்பாலை நீரில் கலந்து வாரந்தோறும் தெளித்துப் பூசணிக்குடும்பச் செடியின் சாம்பல் நோயைக் கட்டுப்படுத்தியதாக 1999-இல் வெளியிட்டார். ஆகவே மோர் தெளித்த ஆத்தாளைச் சிரித்து ஒதுக்குவதற்கில்லை. நம் விவசாயிகள் புளித்த மோரையும் தேங்காய்ப்பாலையும் சேர்த்து ஊறவைத்துத் தேமோர் என்றும், அரப்பு இலையைச் சேர்த்து அரப்புமோர் என்றும் தெளித்து வருவது அனைவரும் அறிந்ததே.

நெசவாள அங்கத்தினர்கள் இது பயிரிடுவோர் சங்கதி என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பாவுக்குக் கஞ்சி போட்டு மழைக்காலத்தில் வைத்த நூலில் பூசணம் பூத்துப் புள்ளி விழுந்த துயரம் அவர்களுக்குப் புதிதன்று. அதைத் தடுக்கக் கஞ்சியில் மயில்துத்தம் சேர்ப்பது பழைய வழக்கம். அதே மயில்துத்தத்தைச் சுண்ணாம்புடன் கலந்து திராட்சைக் கொடிக்குத் தெளிக்கலாம் என்று பிரான்ஸ் நாட்டு மில்லார்டே 1885-இல் வெளியிட்டதுதான் போர்டோக் கலவை. சாலையோரத்துக் கொடியில் வழிப்போக்கர் பழம் பறிக்காதிருக்க எவரோ பூசிய நீலக்கலவை நோயையும் தடுத்ததைக் கண்டு அவர் ஆராயத் தொடங்கினாராம். தறிக்கும் தோட்டத்திற்கும் பகை ஒன்றே, மருந்தும் ஒன்றாகவே இருந்திருக்கிறது. மேலும், நல்ல கிருமியை வேலைக்கு வைத்துக்கொள்வதில் சாயக்காரர் விவசாயிக்கு மூத்தவர். தகரை விதையை வேகவைத்து ஊற்றி அவுரிச் சாயத் தொட்டியைப் புளிக்க வைத்தவர்கள் நம் தென்னாட்டுச் சாயக்காரர்கள். நீரில் கரையாத நீலத்தைக் கரையவைத்தது அத்தொட்டியில் வளர்ந்த கிருமியே. தொட்டி ஒரு நாள் 'கெட்டுப்போனால்' சாயம் பிடிக்காது என்பதும், அது ஏன் கெட்டது என்று உடனே சொல்லிவிட முடியாது என்பதும் அவர்கள் அனுபவம். உயிருள்ள பொருளை மருந்தாகக் கொள்வதிலுள்ள சங்கடம் முழுவதும் அந்த அனுபவத்தில் அடங்கியிருக்கிறது.

இனி, மறுபக்கம். புளிப்பைக் கண்டால் பூசணம் ஓடும் என்று விற்பனைக்காரர் சொன்னாராம். அப்படியானால் ஊறுகாய் ஜாடியின் மேல் வெண்பூசணம் படர்வது எப்படி? எலுமிச்சைப் பழத்தைவிடப் புளிப்பான பழம் எது? அதன்மேல்தான் பச்சைப் பூசணமும் நீலப் பூசணமும் செழித்து வளர்கின்றன. பல பூசணங்கள் புளிப்பைத் தாங்கும். அவற்றுக்கு வேண்டியது காற்றும் ஈரமும் ஒரு கீறலும். மாமல்லபுரம் கடற்கரையை ஒட்டிய நம் ஊர்களில் ஈரத்திற்கு என்றும் பஞ்சமில்லை. இட்லி மாவில் பாக்டீரியா வெல்வதற்குக் காரணம் அங்கே அதற்கு நீரும் உணவும் நிறைய இருப்பது. மெழுகு பூத்த வறண்ட மாம்பழத் தோல் அதற்கு அயலூர். அங்கே கொண்டுபோய் விட்ட கிருமி சில மணி நேரத்தில் காய்ந்து மடிந்தாலும் வியப்பதற்கில்லை. ஆய்வுக்கூடத்தில் கண்ணாடித் தட்டில் பூசணத்தை வென்ற கிருமிகள் பல, கூடையில் தோற்றிருப்பதற்கு இதுவே முக்கிய காரணம்.

இதனினும் முக்கியமானது, அழுகல் இரு வகைப்படும் என்பது. இதை அங்கத்தினர் நன்கு மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ஒரு வகை, காயத்தின் வழியே நுழைவது. பறிக்கும்போது விழுந்த அடி, கூடை மூங்கிலின் கீறல், காம்பு பிய்ந்த வாய் இவற்றில் கருப்புப் பூசணமும் ரைசோபஸ் என்னும் நூல்பூசணமும் புகுந்து இரண்டொரு நாளில் பழத்தைக் கூழாக்கும். மற்றொரு வகை, ஆந்த்ராக்னோஸ் என்னும் கரும்புள்ளி நோய். இது பூவிலும் பிஞ்சிலும் பனியுடனோ மழையுடனோ இறங்கி, தோலுக்கடியில் முளைவிட்டு, அங்கேயே உறங்குகிறது. காய் பச்சையாக இருக்கும் வரை காயின் தற்காப்பு அதை அடக்கி வைக்கிறது. பழுக்கும்போது அக்காப்பு தளரவே அது விழித்துக்கொண்டு கரும்புள்ளியாய்ப் பரவுகிறது. மண்டியில் நேற்றுத் தங்கம்போல் இருந்த பழம் இன்று புள்ளி விழுந்து நிற்பதற்குக் காரணம் மண்டியன்று, பூக்காலத்துப் பனி. பறித்த பின் எந்தக் கிருமிநீரில் முக்கினாலும் தோலுக்குள் படுத்திருப்பதை அது எப்படித் தொடும்? வீட்டுக்குள் புகுந்துவிட்ட திருடனுக்காக வெளிக்கதவைப் பூட்டிய கதைதான்.

நாம் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்லலாம். சென்ற மாம்பழப் பருவத்தில் ஒரு சங்கத்தின் அங்கத்தினரான மூதாட்டி, தம் தோட்டத்துப் பழங்களைப் புளித்த மோர்த் தெளிவில் நனைத்து உலர்த்தி வைப்பதைக் கண்டோம். பட்டம் பெற்ற கர்வத்தால் முதலில் மனத்துக்குள் நகைத்தோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். "நீ சிரிக்கிறது தெரியுது தம்பி, நாலு நாள் கழிச்சி வந்து பாரு" என்றார் அவர். ஒரே மரத்துப் பழத்தில் நான்கு கூடை வைக்கச் சொன்னோம். ஒன்று அப்படியே, ஒன்று வெறும் நீரில் நனைத்தது, ஒன்று மோர்த் தெளிவில் நனைத்தது, நான்காவது, அவர் மருமகன் வற்புறுத்தியபடி, வடிகட்டாத கெட்டி மோரில் நனைத்தது. தெளிவில் நனைத்த கூடையில் காயப்பட்ட பழங்கள் மற்றவற்றைவிட ஒரு நாள் பிந்தியே பூசணம் கண்டன. கரும்புள்ளியோ எல்லாக் கூடையிலும் ஒன்றுபோலவே வந்தது. கெட்டி மோர்க் கூடை எல்லாவற்றுக்கும் முன்னதாகக் கெட்டது. தோலில் காய்ந்த ஆடையில் எறும்பும் ஈயும் மொய்த்தன. பூசணத்திற்கும் அதுவே சோறாயிற்று. நான்கு கூடையைக் கொண்டு எதையும் நிரூபித்துவிட முடியாது. ஆனால் வெறும் நீரில் நனைத்த கூடையொன்று பக்கத்தில் இருந்திராவிட்டால், எது மோரால் நேர்ந்தது, எது ஈரத்தால் நேர்ந்தது என்று பிரித்துப் பார்க்க நமக்கு வழியே இருந்திராது. விற்பனைக்காரர் காட்டிய செய்முறையில் அத்தகைய கூடை இருந்ததா என்று குழுவினரைக் கேட்டோம். இல்லையாம். இரண்டே பழங்கள்தான், அவையும் அவரே கொண்டுவந்தவை.

புட்டியைப் பற்றிய நம் கருத்து இதனால் விளங்கும். அதன் சீட்டில் நுண்ணுயிரின் வகை குறிக்கப்படவில்லை. ஒரு மில்லிலிட்டரில் எத்தனை கோடி உயிர் என்ற எண் இல்லை. தயாரித்த தேதி மங்கலாக இருந்தது. காலாவதித் தேதியும் பதிவு எண்ணும் இல்லவே இல்லை. பயிர் நோயைத் தடுப்பதாகச் சொல்லி நுண்ணுயிரை விற்பதாயின் 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி பதிவு பெற வேண்டும். பதிவு பெற்ற பாசில்லஸ், சூடோமோனாஸ் சரக்குகள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றின் உறையில் இவ்விவரமெல்லாம் அச்சிட்டிருக்கும். ஜப்பானிலுள்ள ஒகினாவாத் தீவின் பேராசிரியர் ஹிகா 1980-களில் பரப்பிய 'இ.எம்.' கலவை நம் நாட்டிலும் புழங்குகிறது. அதில் லாக்டிக் பாக்டீரியாவும் ஈஸ்டும் பிறவும் உண்டு. அதன் பயனைப் பற்றியே விஞ்ஞானிகளிடையே ஒருமித்த கருத்து இல்லாதபோது, பெயர் தெரியாத புட்டியைச் சங்கப் பணத்தில் வாங்குவது எவ்வாறு பொருந்தும்? அங்கத்தினர் ஒருவர் தம் கைப்பணத்தில் வாங்கிச் சோதித்தால் அது அவர் உரிமை. கடன் பேரில் வழங்கிவிட்டால், பழம் அழுகினாலும் தவணை அழுகாது.

பஞ்சகவ்வியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொடுமுடி டாக்டர் நடராசன் முயற்சியால் பரவிய இக்கரைசலை மூன்று சதவீத அளவில் பயிருக்குத் தெளித்துப் பலன் கண்டதாகச் சொல்வோர் பலர். அதில் தயிர் இருக்கிறது என்பதற்காகப் பறித்த பழத்தை அதில் நனைக்கலாம் என்று ஓர் இடத்தில் பேச்சு எழுந்தது. கூடவே கூடாது. அதில் சாணமும் கோமியமும் இருக்கின்றன. அப்படியே கடித்துத் தின்னும் பழத்தின்மேல் அவற்றைப் பூசுவது வயிற்று நோய்க்கு வழி. மாமல்லபுரத்துக்கு வரும் யாத்திரிகர் ஒருவர் நம் கொய்யாவைத் தின்று படுத்தாரானால் கெடுவது ஒரு சங்கத்தின் பெயர் மட்டுமன்று.

அப்படியானால் என் செய்வது? உறங்கும் நோய்க்குப் பூக்காலத்திலேயே மருந்து வேண்டும். மாவின் கரும்புள்ளிக்குச் சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் என்னும் நன்மை செய்யும் பாக்டீரியாவை லிட்டருக்கு ஐந்து கிராம் வீதம் அக்டோபரில் தொடங்கி மூன்று வாரத்திற்கொரு முறை தெளிக்குமாறு கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைத்துள்ளது. இது உணவில் வளர்வதன்று, வேர்மண்ணில் வாழ்வது; ஆயினும் கோட்பாடு ஒன்றே. பறித்த பின், ஏறத்தாழ 52 டிகிரி வெப்பமுள்ள நீரில் பத்து நிமிடம் பழத்தை வைத்தெடுத்தால், தோலுக்கடியில் உள்ளதையும் ஓரளவு அடக்கலாம். இதற்கு வேண்டியது ஒரு தொட்டியும் நம்பகமான வெப்பமானியும். கையால் தொட்டுப் பார்த்துச் செய்தால் பழம் வெந்துபோகும். காய அழுகலுக்கு முதல் மருந்து காயப்படுத்தாமை. காம்பைச் சிறிது விட்டு நறுக்குவது, பால் வடியக் கவிழ்த்து வைப்பது, மூங்கில் கூடைக்குப் பதில் வழவழப்பான பிளாஸ்டிக் பெட்டி வைப்பது, இவற்றைப் பேசினால் அங்கத்தினர்க்குக் கொட்டாவி வருகிறது. புட்டியைப் பற்றிப் பேசினால் கூட்டம் கூடுகிறது! தீர்மானத்தில் ஒதுக்கிய தொகைக்குப் பெட்டிகளும் வெப்பமானியும் வாங்கலாம் என்று நாம் சொன்னபோது சிலர் முகம் வாடியதையும் கண்டோம்.

மோர்த் தெளிவை நாம் கைவிடச் சொல்லவில்லை. அதைச் சங்கமே முறையாகச் சோதிக்க வேண்டும் என்கிறோம். தனி விவசாயியால் இது இயலாது. சோதனைக்கு வைத்த கூடை அழுகினால் அந்த நட்டம் அவர் குடும்பத்தின் தலையில் விழும். பத்து அங்கத்தினர் ஆளுக்கு இரண்டு கூடை கொடுத்தால் எவருக்கும் பாரமில்லை. ஒருவரால் தாங்க முடியாததைப் பலர் சேர்ந்து தாங்குவதற்காகத்தானே 1904-இல் திருவூரிலும் காஞ்சிபுரத்திலும் சங்கங்கள் தோன்றின? அன்றைய செங்கற்பட்டு ஜில்லாவிலிருந்து கிளம்பியது அந்த இயக்கம். நெசவாள அங்கத்தினரையும் இச்சோதனைக்கு அழைக்க வேண்டும் என்பது நம் விருப்பம். புதுச்சாயத்தை முழுப் பாவுக்கும் ஏற்றுமுன் ஒரு கழி நூலில் தோய்த்து, வெயிலில் காயவைத்து, கசக்கிப் பார்ப்பவர்கள் அவர்கள். அந்தப் பொறுமை தோட்டக்காரருக்கும் பயன்படும்.

ஒரே நாளில் ஒரே தோட்டத்தில் பறித்த பழங்களைக் கலந்து பங்கிட வேண்டும். நல்லதெல்லாம் ஒரு கூடைக்கும் சொத்தையெல்லாம் மற்றொரு கூடைக்கும் போய்விடக் கூடாது. எந்தக் கூடை எது என்பது எண்ணுபவருக்குத் தெரியாதிருத்தல் நலம். தெளிவை மெல்லிய துணியில் இருமுறை வடிகட்டி, காய்ச்சி ஆற்றிய நீரில் கலக்க வேண்டும். நனைத்த பழத்தை நிழலில் நன்கு உலர்த்த வேண்டும். காய அழுகல், காம்பு அழுகல், கரும்புள்ளி மூன்றையும் தனித்தனிப் பத்தியில் நாள்தோறும் எழுத வேண்டும். வெந்நீரில் வைத்த கூடையொன்றும் வெறும் நீர்க் கூடையொன்றும் கட்டாயம் உடன் இருக்க வேண்டும். பூசணத்தை இனங்காண்பதில் ஐயம் வந்தால் காட்டுப்பாக்கத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தாரை அணுகலாம்.

தீர்மானத்தின் நகலைக் கொணர்ந்த நிர்வாகக் குழுவினரிடம், கொள்முதல் என்ற சொல்லை அடித்துவிட்டுச் சோதனை என்று எழுதுமாறு சொல்லியிருக்கிறோம். ஒரு சங்கம் இசைந்தது. மற்றொன்று அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைத்திருக்கிறது. மாமரங்கள் பூப்பதற்கு முன் அக்கூட்டம் நடைபெறுமானால் நாமும் அதற்கு வருவோம். முதிய அம்மையாரையும் அழைத்துவரச் சொல்லியிருக்கிறோம். மோர்த் தெளிவை எவ்வளவு நாள் புளிக்கவைப்பது என்பதில் நம்மைவிட அவருக்குத் தெளிவு அதிகம்.